பாடகி உட்கார்ந்த பிறகும் ஓடும் பாட்டு

நீங்கள் வேலைக்காக வியன்னா வந்து ஆறு மாதம் ஆகிறது. உடன் வேலை பார்ப்பவர் ஒரு கச்சேரி டிக்கெட் கொடுத்திருக்கிறார். நான்கு தந்தி வாத்தியங்கள் (இந்த நால்வர் அணிக்கும் அதற்காக எழுதும் இசைக்கும் குவார்ட்டெட் என்று பெயர்), ஒரு பியானோ, ஒரு பாடகி. நிரலில் மெண்டல்சோன், பிராம்ஸ், ரெஸ்பீகி, கடைசியில் ஷூபர்ட். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காது, ஜெர்மன் அரைகுறை. எப்படிக் கேட்பது, எங்கே கைதட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “கடைசி உருப்படிக்கு ‘மரணமும் இளம்பெண்ணும்’ என்று பெயர். ஆனால் அந்த குவார்ட்டெட்டில் யாரும் பாடுவதில்லையாம். வார்த்தையே இல்லாத ஒன்றில் மரணம் எங்கே, பெண் எங்கே?” உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் சொன்னால் மற்றவை தாமாகவே வந்துவிடும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் வியோலா வாசிப்பவன். வயலினுக்கு அண்ணன், செல்லோவுக்குத் தம்பி, இருவருக்கும் நடுவில் யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கும் வாத்தியம் அது. இருபது வருடத்துக்கு மேல் குவார்ட்டெட்களில் வாசித்திருக்கிறேன். நீங்கள் சொன்ன நான்கு படைப்புகளையும் மேடையில் வாசித்திருப்பதால், அவற்றை உள்ளே இருந்து தெரியும். பாடும் கலை என் துறை அல்ல. ஆகவே குரலைப் பற்றி நான் சொல்வதையெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, வார்த்தை இல்லாத பாட்டு. இது உங்களுக்குப் புதிதே அல்ல. நன்றாகத் தெரிந்த ஒரு கீர்த்தனையைத் தனி வயலினில் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். பல்லவி தொடங்கியதும் சாகித்யம் உங்களுக்குள் தானாக ஓடுகிறதல்லவா? வாசிப்பவரும் வார்த்தை எங்கே பிரிகிறதோ அங்கேதான் வில்லைத் திருப்புகிறார். சாகித்யம் தெரியாதவருக்கு அது நல்ல ராகம், தெரிந்தவருக்கு ஒரு பேச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் அறை இசையில் (சிறு குழுக்கள் வாசிக்கும் இசை) பாட்டுக்கும் குவார்ட்டெட்டுக்கும் உள்ள உறவு பல இடங்களில் இப்படிப்பட்டதுதான். முன்பே எழுதிய ஒரு பாட்டை எடுத்து, சொற்களை மட்டும் கழற்றிவிட்டு, நான்கு தந்திகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் நிரலைப் போட்டவர் இதை அறிந்தே செய்திருக்கிறார். ஷூபர்ட், மெண்டல்சோன் இரண்டு குவார்ட்டெட்களுக்கும் முன்னால் அதனதன் மூலப் பாட்டைப் பாடகி பாடப்போகிறார். பாதி வேலையை அவரே செய்து கொடுத்துவிட்டார்.

கடைசியில் வருவதை முதலில் சொல்கிறேன். ஷூபர்ட் அந்தப் பாட்டை 1817 பிப்ரவரியில் எழுதினார், அப்போது அவருக்கு இருபது வயது. கவிதை மத்தியாஸ் கிளாவுடியஸ் எழுதியது, மொத்தமே எட்டு வரி. முதல் நான்கு வரி பெண் பேசுகிறாள்: போய்விடு, கொடிய எலும்புருவே, நான் இன்னும் சிறியவள், என்னைத் தொடாதே. அடுத்த நான்கு வரி மரணம் பேசுகிறது: கையைக் கொடு, அழகானவளே, நான் நண்பன், தண்டிக்க வரவில்லை, தைரியமாக இரு, என் கைகளில் நிம்மதியாகத் தூங்குவாய். அவ்வளவுதான், பாடினால் மூன்று நிமிடம்கூட ஆகாது. கவனிக்க வேண்டியது இது: பெண் பேசும்போது மெட்டு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. மரணம் பேசும்போது மெட்டு கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. ஒரே ஸ்வரத்தில் நெடில், குறில், குறில் என்று நடக்கிறது. பயமுறுத்தும் வேலையே இல்லை. மரணத்தின் அந்த நடை, பாட்டின் தொடக்கத்தில் யாரும் வாய் திறப்பதற்கு முன்பே பியானோவில் வந்துவிடும். பெண் பேசத் தொடங்கும்போதே மரணம் அறைக்குள் இருக்கிறது.

ஏழு வருடம் கழித்து, 1824 மார்ச்சில், ஷூபர்ட் அந்தப் பியானோ நடையை எடுத்து டி மைனர் குவார்ட்டெட்டின் இரண்டாம் பகுதிக்கு ஆதாரமாக வைத்தார். (மைனர் என்பது பொதுவாகச் சோகச் சாயல் கொண்ட ஸ்வர வரிசை, மேஜர் வெளிச்சமான வரிசை.) பெண்ணின் வரிகளை எடுக்கவில்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: இரண்டாம் பகுதியில் முதலில் வருவது மரணம் மட்டுமே. நெடில், குறில், குறில் என்ற அந்த நடையை நான்கு பேரும் சேர்ந்து, சத்தமே இல்லாமல், ஒரு ஊர்வலம் போல வாசிப்பார்கள். பிறகு அதன் மேல் ஐந்து மாறுபாடுகள். முதலாவதில் முதல் வயலின் மேலே தனியாக விம்முவது போல் ஒரு கோடு போடும். அதைப் பெண் திரும்பி வந்ததாகவே நான் கேட்கிறேன். ஆனால் அது என் காது, ஷூபர்ட் எங்கும் அப்படி எழுதி வைக்கவில்லை. இரண்டாவதில் செல்லோ மெட்டை எடுத்துக்கொள்ளும். மூன்றாவது குதிரைப் பாய்ச்சல். நான்காவது மேஜருக்குப் போய்ச் சற்று வெளிச்சம் காட்டும். ஐந்தாவது மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்கு ஏறி, அடங்கி, கடைசியில் மேஜரிலேயே மெல்ல முடியும். பாட்டும் மேஜரில்தான் முடிகிறது. தூங்கு என்று சொன்ன சொல்லை மரணம் காப்பாற்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கச்சேரிக் கையேட்டில் “தன் மரணத்தை முன்னுணர்ந்த ஷூபர்ட் எழுதியது” என்று அநேகமாக இருக்கும். இதில் உறுதியானது என்ன? அவருக்கு 1823 வாக்கில் கடுமையான நோய் இருந்தது, பால்வினை நோய் என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். 1824 மார்ச் 31 அன்று நண்பர் குப்பெல்வீசருக்கு எழுதிய கடிதத்தில், உலகிலேயே மிகவும் துர்பாக்கியசாலி தான்தான் என்று புலம்புகிறார். ஆனால் அதே கடிதத்தில், சில பத்திகள் தள்ளி, இரண்டு குவார்ட்டெட்டும் ஒரு எண்மர் படைப்பும் எழுதி முடித்துவிட்டேன், இந்த வழியாகப் பெரிய சிம்ஃபனிக்குப் பாதை போடப்போகிறேன் என்று திட்டமும் போடுகிறார். சாகக் கிடப்பவன் எழுதும் கடிதமா அது? அவர் இறந்தது 1828 நவம்பரில், முப்பத்தொரு வயதில். இடையில் நாலரை வருடம் இருந்தது. துக்கமும் தொழில் வெறியும் ஒரே ஆளுக்குள் ஒரே நாளில் இருந்தன என்பது வரைக்கும் நிச்சயம். நான்கு பகுதிகளும் மரணத்தின் கதை என்பது பிற்காலத்தவர் வாசிப்பு. கடைசிப் பகுதியின் தாளம் இத்தாலியின் தாரந்தெல்லா நடனத் தாளம். சிலந்தி கடித்தவர்கள் விஷம் இறங்க ஆடியதாகச் சொல்லப்படும் ஆட்டம் அது. அதை “மரண நடனம்” என்பது நியாயமான ஊகம், ஊகம் மட்டுமே.

மெண்டல்சோனுக்கு வருவோம். ஓபஸ் 13 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்), ஏ மைனர், 1827. எழுதியபோது வயது பதினெட்டு. (இதற்கு “இரண்டாம் குவார்ட்டெட்” என்று எண் போட்டிருப்பார்கள், ஆனால் “முதல்” குவார்ட்டெட்டுக்கு முன்பே எழுதியது இது. அச்சான வரிசைப்படி போட்ட எண் அது.) அதே வருடம் அவர் எழுதிய ஒரு சின்னக் காதல் பாட்டு இதற்கு விதை. பாட்டின் பெயரே “கேள்வி”. “உண்மையா? கொடிப்பந்தலில், திராட்சை படர்ந்த சுவரருகே, எப்போதும் எனக்காகக் காத்திருக்கிறாயாமே, உண்மையா? நிலவிடமும் நட்சத்திரங்களிடமும் என்னைப் பற்றி விசாரிக்கிறாயாமே?” என்று போகும். வரிகள் ஃபோஸ் என்ற பெயரில் அச்சாகின. அது புனைபெயர், எழுதியது மெண்டல்சோனே அல்லது நண்பர் ஒருவர் என்று பலர் கருதுகிறார்கள், முடிவாகவில்லை. எது எப்படியோ, “உண்மையா” என்பதற்கு ஜெர்மனில் மூன்று அசை: இஸ்ட் எஸ் வார். அந்த மூன்று ஸ்வரங்களைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள், முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கடைசி ஸ்வரம் கேள்விக்குறி போல மேலே எழும்பி நிற்கும். குவார்ட்டெட்டின் முதல் பக்கத்திலேயே அது வரும், மேஜரில், அமைதியாக. அப்புறம் மைனரில் புயல் தொடங்கிவிடும். அரை மணி நேரம் கழித்து, எல்லாம் ஓய்ந்து, முதல் வயலின் மட்டும் தனியாகப் பேசி முடித்ததும், ஆரம்பத்து மேஜர் திரும்ப வரும். ஆனால் இந்த முறை கேள்வியோடு நிற்காது. பாட்டின் கடைசி வரிகளையும் தந்திகள் வாசித்து முடிக்கும்: நான் உணர்வதை, என்னோடு சேர்ந்து உணர்பவள் மட்டுமே அறிவாள் என்ற வரிகள். சொல்ல ஆளில்லை, ஆனால் பத்து நிமிடத்தில் மறந்துபோகக்கூடிய ஒரு பாட்டை வைத்து அவர் கட்டியது இவ்வளவு. நண்பர் லிண்ட்பிளாடுக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பாட்டின் ஸ்வரங்களை முதல் பகுதியிலும் கடைசிப் பகுதியிலும் கேட்கலாம், அதன் உணர்வை நான்கிலும் கேட்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். எனவே இது யாருடைய ஊகமும் இல்லை.

பெத்தோவன் இறந்தது அதே 1827 மார்ச்சில். அவருடைய கடைசி குவார்ட்டெட்கள் பலருக்கும் பிடிபடாத புதிராக இருந்த காலம். இந்தப் பையன் அவற்றை எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறான் என்பது ஓபஸ் 13 முழுக்கத் தெரிகிறது. கடைசிப் பகுதியின் தொடக்கம், நடுங்கும் தந்திகளுக்கு மேலே முதல் வயலின் ஒரு நாடகப் பாத்திரம் போல வசனம் பேசுவது, பெத்தோவனின் ஓபஸ் 132-ஐ நினைவுபடுத்தியே தீரும். பெத்தோவனின் கடைசிக் குவார்ட்டெட்டிலும் ஸ்வரங்களுக்கு மேலே ஒரு கேள்வி எழுதியிருக்கிறது: “அப்படித்தான் ஆக வேண்டுமா?” இரண்டு கேள்விகளும் தற்செயலா, தெரிந்து செய்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மெண்டல்சோனின் இரண்டாம் பகுதியில் ஒரு ஃபியூக் வரும், ஒருவர் தொடங்கியதை மற்றவர் ஒவ்வொருவராகத் தொடர்வது. அதைத் தொடங்குவது வியோலா. இதை நான் சொல்லாமல் விட முடியாது. தவிர, மெண்டல்சோன் நன்றாக வியோலா வாசிப்பார். ஷூபர்ட்டும் அப்படியே: வீட்டு குவார்ட்டெட்டில் இரண்டு அண்ணன்கள் வயலின், அப்பா செல்லோ, ஃபிரான்ஸ் வியோலா. ரெஸ்பீகி ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆர்க்கெஸ்ட்ராவில் வியோலா வாசித்துச் சம்பளம் வாங்கியவர். உங்கள் நிரலில் நான்கில் மூன்று பேர் எங்கள் ஆட்கள். நடுக்குரலில் உட்கார்ந்தவன் எழுதிய இசையில் நடுக்குரல் சும்மா இருக்காது. மேல் வயலினையே துரத்திக்கொண்டிருக்காமல் அவ்வப்போது காதை நடுவில் இறக்கிப் பாருங்கள்.

நான்காமவர் பிராம்ஸ். வியோலா வாசிக்காதவர். ஆனால் வியோலாவையும் பெண்ணின் தாழ்குரலையும் சரிசமமாக உட்கார வைத்தவர் அவர்தான். ஓபஸ் 91, இரண்டு பாட்டு, 1884-இல் அச்சானது. இதன் பின்கதை கொஞ்சம் குடும்ப வழக்கு. பிராம்ஸின் உயிர் நண்பர் வயலின் மேதை யோசஃப் யோவாக்கிம். அவர் 1863-இல் மணந்தது அமாலியே என்ற தாழ்குரல் பாடகியை. அடுத்த வருடம் பிறந்த மகனுக்கு யோஹானஸ் என்று பிராம்ஸின் பெயரையே வைத்தார்கள். அந்த நாட்களில் பிராம்ஸ் எழுதிய தாலாட்டுதான் தொகுப்பில் இரண்டாவதாக வருவது. பாடகி வாய் திறப்பதற்கு முன் வியோலா ஒரு பழைய கிறிஸ்துமஸ் பாட்டை வாசிக்கும்: “யோசேப்பே, என் அன்பு யோசேப்பே, குழந்தையைத் தாலாட்ட உதவி செய்.” மரியாள் கேட்பதாக வருவது. அந்தச் சொற்களை வியோலா வரிக்குக் கீழேயே அச்சிட்டிருக்கிறார்கள், வாசிப்பவன் கண்ணுக்கு மட்டும். வீட்டில் வாத்தியத்தை எடுக்கப்போகிறவர் பெயரும் யோசஃப்தானே! பிறகு யோவாக்கிமுக்கு மனைவி மேல் சந்தேகம் வந்தது, பதிப்பாளர் சிம்ராக்கோடு தொடர்பு என்று. பிராம்ஸ் நம்பவில்லை. 1880-இல் அமாலியேவுக்கு ஆதரவாக நீண்ட கடிதம் எழுதினார். அமாலியே அதை நீதிமன்றத்தில் காட்ட, நண்பர்கள் பேச்சு நின்றது. இதுவரை உறுதி. தொகுப்பின் முதல் பாட்டை இந்தத் தம்பதியைச் சேர்த்துவைக்கவே பிராம்ஸ் எழுதினார் என்று சொல்வார்கள். அழகான கதை, நடந்திருக்கவும் கூடும், ஆனால் நான் பந்தயம் கட்ட மாட்டேன். எப்படியும் அவர்கள் சேரவில்லை. நண்பர்கள் இருவரையும் மறுபடி சேர்த்தது 1887-இல் வயலினுக்கும் செல்லோவுக்குமாக பிராம்ஸ் எழுதிய இரட்டை கான்செர்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோடு தனி வாத்தியங்கள் வாசிக்கும் படைப்பு).

இந்தத் தாலாட்டை முதன்முதலில் மேடையில் வாசித்தபோது நான் ஒரு தப்பு செய்தேன். மெட்டு எனக்குத்தானே என்று தாராளமாக வில்லைப் போட்டேன். முடிந்ததும் பாடகி சிரித்துக்கொண்டே, “குழந்தை எழுந்துவிட்டது” என்றார். தாழ்குரலும் வியோலாவும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நடமாடுபவை. ஒருவர் மேல் ஒருவர் விழுந்தால் முதலில் காணாமல் போவது சொல்.

அறை இசையில் குரலும் தந்தி குவார்ட்டெட்டும் சேர்ந்து வருவது ஏன் இவ்வளவு அரிது என்பதற்கான விடையில் ஒரு பாதி இதில் இருக்கிறது. பியானோவில் ஒரு ஸ்வரத்தைத் தட்டினால் அந்த நொடியே தேயத் தொடங்கிவிடும். குரல் அதன் மேல் சௌகரியமாக நிற்கலாம். வில் போட்ட தந்தி தேயாது, குரலைப் போலவே நீளும், வீங்கும், அடங்கும். நான்கு பேர் அப்படி நீட்டினால் நடுவில் ஐந்தாவது குரலுக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. மறுபாதி சந்தை. வசதியுள்ள வீடுகளில் பியானோ வந்துவிட்டது, பாட்டுப் புத்தகம் விற்க வேண்டுமென்றால் ஒரு குரலும் ஒரு பியானோவும் போதும். நான்கு தந்திக்காரர்களைத் திரட்டுவது யாரால் ஆகும்? விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஹைடனும் பெத்தோவனும் ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களுக்கு வயலின், செல்லோ, பியானோ சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள், எடின்பரோவிலிருந்த தாம்சன் என்ற பதிப்பாளர் கேட்டதால். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே தன் ஒரு பாடல் தொகுப்புக்கு 1898-இல் தந்திகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, வெறும் பியானோவே மேல் என்று பின்வாங்கினார். குரல் முழு உரிமையோடு குவார்ட்டெட்டுக்குள் நுழைந்து ரகளையானது இதே வியன்னாவில்தான், 1908 டிசம்பரில், ஷோன்பெர்க்கின் இரண்டாம் குவார்ட்டெட்டில். ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அது வேறு மாலைக்கான கதை.

உங்கள் நிரலில் குரலும் குவார்ட்டெட்டும் மட்டுமே சேர்ந்து வருவது ரெஸ்பீகியின் “அஸ்தமனம்”. 1914-இல் எழுதியது, கணக்குப்படி பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமாண்டிக் காலம் முடிந்த பிறகு, ஆனால் இசையின் மனசு இன்னும் அங்கேதான். ஷெல்லியின் ஆங்கிலக் கவிதை, இத்தாலிய மொழிபெயர்ப்பில். ஒரு இளைஞனும் இசபெல் என்ற பெண்ணும் மாலையில் நடக்கிறார்கள். சூரியன் ஏற்கனவே மறைந்துவிட்டது. நான் சூரியனைப் பார்த்ததே இல்லை என்பது விநோதமாக இல்லையா, நாளை நாம் சேர்ந்து பார்ப்போம் என்கிறான். விடியும்போது அவன் அவள் பக்கத்தில் குளிர்ந்து கிடக்கிறான். அவள் சாகவில்லை, பைத்தியமாகவும் இல்லை. வயதான அப்பாவைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் வாழ்கிறாள். ஏறத்தாழ பதினைந்து நிமிடம். இதில் தந்திகள் எங்கே ஒதுங்குகின்றன என்று பாருங்கள். குரல் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது கீழே ஒரே ஸ்வரக்கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும், குரல் மூச்சு விடும்போது பொங்கும். நான் மேலே சொன்ன நெரிசலை அவர் தீர்த்த வழி அது. வியோலாக்காரனுக்குத்தான் அந்தப் பொறுமை வரும் என்பேன். மற்ற வாத்தியக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். முழு மாலைக்கும் பாடப்படும் வரிகளை எழுதினால் இரண்டு மூன்று பக்கம்தான். முதல் நாள் இரவு மொழிபெயர்ப்பை ஒரு முறை வாசித்துவிடுங்கள். “மரணமும் இளம்பெண்ணும்”, “கேள்வி” இரண்டையும் இரண்டு மூன்று தடவை கேட்டு, வாய்க்குள் முணுமுணுக்கும் அளவுக்குப் பழகிக்கொண்டால் போதும். குவார்ட்டெட்களை முன்கூட்டிக் கேட்காதீர்கள், அங்கேயே கேளுங்கள். இன்னொன்று: யோவாக்கிம் காலத்து வாசிப்பு இன்றைய வாசிப்பு அல்ல. 1903-இல் அவர் பதிவுசெய்த இசைத்தட்டுகளில் ஸ்வரத்தை அசைக்கும் விரல் நடுக்கம் (வைப்ராட்டோ) மிகக் குறைவு, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது அதிகம். நம் ஜாரு கேட்டுப் பழகிய காதுக்கு அது இன்றைய பாணியைவிடச் சொந்தமாகப் படலாம். உங்கள் குழு எந்தப் பாணி என்பது முதல் பத்து நொடியில் தெரிந்துவிடும்.

கைதட்டல். பகுதிகளுக்கு நடுவில் தட்டக்கூடாது என்பது இன்றைய வழக்கம், அந்தக் காலத்தில் தாராளமாகத் தட்டினார்கள், பிடித்த பகுதியைத் திரும்ப வாசிக்கவும் சொன்னார்கள். இன்றைக்கு வில்களைப் பாருங்கள். நான்கு வில்லும் மடிக்கு இறங்கி, வாசிப்பவர்கள் நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் முடிந்தது. வில் காற்றில் நின்றால் இன்னும் இருக்கிறது. பிராம்ஸின் இரண்டு பாட்டும் முடிந்த பிறகு ஒரே தடவை தட்டுங்கள். பாட்டுக்கும் அதைத் தொடரும் குவார்ட்டெட்டுக்கும் நடுவில் சில குழுக்கள் இடைவெளி விடுவதே இல்லை. பாடகி அப்படியே உட்கார்ந்துகொண்டால் நீங்களும் சும்மா இருங்கள். “அஸ்தமனம்” மிக மெல்ல அணைந்து முடியும், அங்கே பக்கத்தில் இருப்பவர் தட்டும் வரை காத்திருங்கள். ஷூபர்ட்டுக்கு யாரையும் பார்க்க வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்தில் வேகம் இன்னும் கூடி, நான்கு பேரும் தலைதெறிக்க ஓடி வந்து கதவைச் சாத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு அப்புறம் இன்னும் ஒரு பகுதி இருக்குமோ என்று யாருக்கும் சந்தேகம் வந்ததாக நான் பார்த்ததில்லை.